கண்ணாடி கேட்ட வில்லன்

திருவண்ணாமலையில் மௌனமாக இருக்கக் கற்றுக்கொடுப்பதற்கே வகுப்புகள் உண்டு. அதனால் பேசக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு ஒன்று செங்கம் ரோட்டு லாட்ஜின் மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே தொடங்கியபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. 'கதைக்கனல் திரைக்கதை – வசனப் பயிலரங்கம்' என்று வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். பேனரில் மலை சின்னதாக இருந்தது. அதற்கு முன்னால், மோவாயில் கை வைத்துத் தூரத்தைப் பார்த்தபடி சக்கரவர்த்தி பெரியதாக இருந்தார். பெயருக்குக் கீழே 'பல வெற்றிப் படங்களின் கதை விவாதத்தில் பங்கேற்றவர்' என்று போட்டிருந்தது. கதை விவாதம் என்பது சென்னையில் ஒரு அறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, பஜ்ஜி தின்றுகொண்டே ஒருவர் கதையை இன்னொருவர் கெடுப்பது. அதில் அவர் பங்கேற்றதை யாரும் மறுக்க முடியாது. பஜ்ஜிக்கு அவர் வயிறே சாட்சி.

வகுப்பில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் டைரக்டர் ஆக வந்தவர்கள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் கிளார்க்காக இருக்கும் புகழேந்தி, தன் மேலதிகாரியை வில்லனாகப் போட்டு ஒரு படம் எடுத்துவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடலாம் என்று வந்திருந்தார். காலேஜ் படிக்கும் கவிநிலா, ரீல்ஸில் தனக்குத் தானே பேசிச் சலித்துப்போய் வந்திருந்தாள். மெஹ்ஜபீன் மட்டும் சினிமாவுக்காக வரவில்லை. செத்துப்போன புருஷனின் பேச்சை எழுதி வைக்க வந்திருந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் "சும்மா, ஒரு இன்ட்ரஸ்ட்" என்றாள்.

தேரடித் தெருவிலிருந்து பிரியும் சந்தில் அவர்களுக்கு இலவம்பஞ்சு மெத்தைக் கடை. ஊரிலிருக்கும் ஆசிரமங்களுக்கெல்லாம் மெத்தையும் தலையணையும் போட்ட கடை. உலகைத் துறந்தவர்களுக்கு முதுகுவலி ஜாஸ்தி என்பது அவள் புருஷன் மொஹ்சினுடைய அனுபவம். போன வருஷம் போளூர் ரோட்டில், வண்டியில் பஞ்சு மூட்டை கட்டிக்கொண்டு வந்தபோது லாரி இடித்து அங்கேயே போனான். ஆஸ்பத்திரியில் அவனுடைய சட்டை, வாட்ச், சாவிக்கொத்து எல்லாம் கொடுத்தார்கள். கண்ணாடியை மட்டும் காணோம். அந்த நேரத்தில் யார் அதைக் கேட்பார்கள்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த பிறகு ஒரு மத்தியானம், லுஹர் பாங்கு சொல்லி அடங்கிய சமயம், மெத்தை அடுக்குக்குப் பின்னாலிருந்து அவன் கேட்டான்.

"மெஹு, என் கண்ணாடியப் பாத்தியா? இங்கதான் வச்சேன்."

சாப்பிட வரும்போது அவன் தினமும் கேட்கும் கேள்விதான். குரலில் பஞ்சுத் தூசியின் கரகரப்புகூட அப்படியே இருந்தது. மெஹ்ஜபீன் எழுந்து திரும்புவதற்குள், உள்ளே தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த மாமியார் நசீமா வெளியே வந்து அவள் வாயைக் கையால் பொத்தினாள்.

"பதில் சொல்லாத."

"அம்மி, அவரு…"

"எனக்குக் காது இருக்குது. பெத்தவ நானே பேசாம இருக்கேன்ல. கேக்கறதோட நிறுத்திக்க. பதில் சொன்னா பழகிடும். பழகினா விடாது."

"யார விடாது? என்னயா, அவரையா?"

"அதத்தான் கேக்காதன்றேன்."

அன்றிலிருந்து அவன் தினமும் வந்தான். ஒரே கேள்விதான். "பாத்தியா? இங்கதான் வச்சேன். எடுத்தியா நீ?" கொஞ்ச நேரம் காத்திருப்பான். அப்புறம் போய்விடுவான். அந்த நேரத்தில் நசீமா தஸ்பீஹைச் சத்தமாக உருட்டுவாள். மெஹ்ஜபீன் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையணை உறைக்கு ஓரம் தைப்பாள். பயமெல்லாம் முதல் வாரத்தோடு போய்விட்டது. அப்புறம் வந்தது வேறு பயம். குரல் வரவரக் கம்மியாகிக்கொண்டிருந்தது. ரேடியோவில் ஸ்டேஷன் நழுவுகிற மாதிரி. ஒரு நாள் "மெஹு" மட்டும் கேட்டது, மீதி கேட்கவில்லை. இப்படியே போனால் ஒரு நாள் அதுவும் போய்விடும். அவனுடைய போட்டோ இருக்கிறது, சட்டை இருக்கிறது, பேச்சு எங்கும் இல்லை. வீடியோவில் பேசச் சொன்னால் வெட்கப்பட்டுக் கையாட்டுகிற ஆள். அப்போதுதான் அவள் அந்தப் பேனரைப் பார்த்தாள். 'உயிருள்ள வசனம் எழுதுவது எப்படி?' என்று அதில் போட்டிருந்தது. உயிர் என்ற வார்த்தையை அவள் நம்பினாள்.

சக்கரவர்த்திக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்று சொல்ல முடியாது. தன்னைப் பற்றிப் பேசி முடித்த பிறகு மிச்சமிருந்த நேரத்தில் நன்றாகவே நடத்தினார்.

"முதல்ல உள்ளேயா, வெளியேயா? அப்புறம் எந்த இடம்? அப்புறம் பகலா, இரவா? இத எழுதாம ஒரு சீன் ஆரம்பிக்கக் கூடாது. 'அவன் மனசு வலித்தது'ன்னு எழுதாதீங்க. கேமரா மனசுக்குள்ள போகாது. பாக்கறது, கேக்கறது, ரெண்டுதான்."

"அப்ப மனசு வலிச்சா என்ன சார் எழுதறது?" என்றாள் கவிநிலா.

"டீ ஆறிப்போச்சுன்னு எழுது."

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். மெஹ்ஜபீன் குறித்துக்கொள்ளாமல் யோசித்தாள். இது சரிதான் என்று பட்டது. நசீமாவுக்கு மனசு வலித்தால் ரசத்தில் உப்பு ஜாஸ்தியாகும்.

"வசனத்துக்கு வர்றேன். ஜனங்க மனசுல இருக்கறத நேராச் சொல்லவே மாட்டாங்க. சுத்தி வளைச்சு வேற எதையோ பேசுவாங்க. பேசறது ஒண்ணு, அதுக்கு அடியில ஓடறது ஒண்ணு. அடியில ஓடறதுதான் வசனம். பச்சையாச் சொன்னா அது அறிவிப்பு. பஸ் ஸ்டாண்டுல மைக்ல சொல்வாங்களே, அது."

இதைச் சொன்னவர் எழுதிய ஒரே படம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அதில் கதாநாயகன் சராசரியாக மூச்சுக்கு ஒரு தடவை தான் யார் என்று அறிவித்துக்கொண்டிருந்தான். அது வேறு விஷயம்.

அந்த வாரம் பயிற்சி கொடுத்தார். இரண்டே பேர்; ஒருவருக்கு ஏதோ வேண்டும், இன்னொருவர் கொடுக்க மாட்டார்; ஒரு பக்கம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவராக எழுதி வந்ததை மற்றவர்களை வைத்துப் படிக்கச் சொன்னார். மெஹ்ஜபீன் எழுதியதை, அவன் பங்குக்குப் புகழேந்தியும் அவள் பங்குக்குக் கவிநிலாவும் வாங்கினார்கள்.

உள்ளே. மெத்தைக் கடை. பகல்.

புகழேந்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். "மெஹு, என் கண்ணாடியப் பாத்தியா? இங்கதான் வச்சேன்."

கவிநிலா தாளைப் பார்த்தாள். அவள் வரிக்கு நேரே ஒன்றும் இல்லை. 'அவள்:' என்று எழுதி வெற்றிடம் விட்டிருந்தது.

"எடுத்தியா நீ? பஞ்சுல விழுந்திருக்குமோ?"

மறுபடியும் வெற்றிடம்.

"சரி விடு. சாப்டியா?"

வெற்றிடம். புகழேந்தி நிறுத்திவிட்டுச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நெற்றியை. பிறகு குனிந்து நாற்காலிக்கு அடியில். தாளில் அப்படி எதுவும் எழுதவில்லை. மொஹ்சின் அந்த வரிசையில்தான் தேடுவான். பை, நெற்றி, தரை. மெஹ்ஜபீனுக்குக் கைவிரல் சில்லிட்டது. தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெக்கை கொதித்துக்கொண்டிருந்தது.

"என்ன சார் தேடறீங்க?" என்றாள் கவிநிலா.

"தெரியலம்மா" என்றார் புகழேந்தி, நிமிர்ந்து விழித்தபடி. கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது.

யாரும் பேசவில்லை. சக்கரவர்த்திக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. தன்னால் உண்டாகாத அமைதி அவருக்கு எப்போதும் பிடிக்காது.

"பதில் எங்கம்மா?"

"வரல சார்."

"பேச்சுன்னா ரெண்டு பக்கம் இருக்கணும். இது ராங் நம்பர் போட்ட மாதிரி இருக்கு. பதில் வரலன்னா வரவைக்கணும். அதுக்குத்தான் நான் இருக்கேன்." தாளை வாங்கி, மடியில் வைத்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்.

"சார், வேணாம் சார்."

"பயப்படாதீங்க. திருத்தினாதான் கத்துக்க முடியும்."

"அது இல்ல சார். அந்த இடத்துல யாரும் பதில் சொல்லக் கூடாது."

அவர் அதற்குள் எழுதிக்கொண்டே உரக்கப் படிக்க ஆரம்பித்திருந்தார். "தொலைந்தது உன் கண்ணாடி என்றால் தேடலாம். தொலைந்தது உன் பார்வை என்றால்? என்னை நீ பார்த்ததே இல்லையே… எப்படி?" தலையை ஒரு பக்கம் சாய்த்து நிறுத்தினார். கைதட்டினார்கள். மிச்ச வெற்றிடங்களையும் நிரப்பி, பெருமூச்சு விட்டு, தாளை மடித்துத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டார். "நல்ல முடிச்சு. டெவலப் பண்ணலாம்" என்றார். சொன்னவர் சட்டைப்பையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதை மெஹ்ஜபீன் மட்டும்தான் கவனித்தாள்.

மறுநாள் லுஹர் பாங்கு சொன்னது. அடங்கியது. மெத்தை அடுக்குக்குப் பின்னால் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தெருவில் கேஸ் வண்டி போயிற்று. சந்து முனையில் யாரோ வெள்ளைக்காரர் சங்கு விலை பேசிக்கொண்டிருந்தார். எல்லாச் சத்தமும் கேட்டது, அந்த ஒன்றைத் தவிர.

நசீமா தஸ்பீஹ் உருட்டுவதை நிறுத்தினாள். "ரெண்டு நாளா வரல."

"ம்."

"நீ ஏதாவது சொன்னியா?"

"நான் சொல்லல அம்மி. வேற ஒருத்தர் சொல்லிட்டாரு. எழுதி, படிச்சே காட்டிட்டாரு."

நசீமா தஸ்பீஹைக் கீழே வைத்தாள். "இன்னான்னு சொன்னாரு?"

மெஹ்ஜபீன் அந்த வசனத்தை ஒப்பித்தாள்.

"யா அல்லாஹ்" என்றாள் நசீமா. "இதுக்கா அவன் பின்னாடி போனான்?"

"பதில்னு ஒண்ணு கிடைச்சா போதும்னு ஆயிருக்கும். ஒரு வருஷமா நாம ஒரு வார்த்த பேசல."

நசீமா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அன்று ரசத்தை வாயில் வைக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு சக்கரவர்த்தி வகுப்புக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைக்கு வந்தார். எப்போதும் தலைக்கு மேல் ஏற்றி வைத்திருக்கும் கூலிங் கிளாஸ் இல்லை. சவரம் செய்த முகத்தில் சவரத்துக்குத் தப்பிய திட்டுகள் இருந்தன. கடைக்கு வெளியே நின்று, பெயர்ப் பலகையை இரண்டு முறை படித்தார்.

"ஒரு தலகாணி வேணும்."

"எப்படி சார்? கெட்டியாவா, மெத்துன்னு வேணுமா?"

"தூக்கம் வர்ற மாதிரி."

"தூக்கம் வரலீங்களா?"

"வருது, வருது. வரும்போது கூடவே…" என்று நிறுத்தி, ஒரு தலையணையை அமுக்கிப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் கண்ணாடி போடுவாராம்மா?"

"போடுவாரு."

"கிட்டப்பார்வையா, தூரப்பார்வையா?"

"எதுக்கு சார்?"

"சும்மா. ஒரு இன்ட்ரஸ்ட்." ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சுற்றி வளைப்பதையெல்லாம் கைவிட்டு, பஸ் ஸ்டாண்டு மைக் மாதிரி கடகடவென்று சொன்னார். தாளை எடுத்துப்போன நாளிலிருந்து அவரால் ஒரு சீன் எழுத முடியவில்லை. 'டேய், நான் யாருன்னு தெரியுமா' என்று எழுதக் கையைத் தூக்கினால், கை 'என் கண்ணாடியப் பாத்தியா' என்று எழுதுகிறது. போனில் யாராவது ஹலோ என்றால் வாய் 'இங்கதான் வச்சேன்' என்கிறது. மனைவி ஊருக்குப் போய்விட்டாள். "நானும் பதில் சொல்லிப் பாத்துட்டேம்மா. எவ்ளோ நல்ல நல்ல பதில். ஒண்ணுக்கும் அடங்கமாட்டேங்கறாரு."

"இப்ப நான் என்ன சார் பண்ணணும்?"

கீழ்பென்னாத்தூரில் ராமன் என்று ஒருவர். மல்லாட்டையைக் கடலை எண்ணெயாக ஆட்டும் மில் வைத்துச் சம்பாதித்தவர். இப்போது படம் எடுக்க ஆசைப்படுகிறார். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், மனைவி கிரிவலம் போகச் சொல்லியிருக்கிறாள், மனசு கதை கேட்கச் சொல்கிறது. மூன்றையும் ஒரே செலவில் முடிப்பதற்காக, கூட்டமில்லாத காலை வேளையில் மலையைச் சுற்றிக்கொண்டே கதை கேட்கிறார். சென்னையிலிருந்து எத்தனையோ பேர் வந்து, பாதி மலையில் மூச்சு வாங்கித் திரும்பியிருக்கிறார்கள். வியாழக்கிழமை சக்கரவர்த்தியின் முறை. தெரிந்த குருக்களைப் பிடித்து, ஃபைலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமி காலடியில் வைத்து எடுத்தும் வந்துவிட்டார். "சாமிகிட்ட வச்சும் போகலம்மா."

"அவரு தொழுகைக்குப் போறவரு சார்."

"அதான் நானும் நினைச்சேன். நீங்க கூட வந்து, ஒரு வார்த்த சொல்லி, கூட்டிட்டுப் போயிடுங்க. கால்ல வேணாலும் விழறேன்."

மெஹ்ஜபீன் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். இந்த மனுஷனுக்குள் எங்கேயோ மொஹ்சின் உட்கார்ந்துகொண்டு பஞ்ச் வசனங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்குச் சகிக்கவில்லை. அவனுக்குச் சினிமாவே பிடிக்காது. இடைவேளையில் எழுந்து வந்துவிடுவான்.

வியாழக்கிழமை காலை அவள் பர்தாவை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது நசீமா வாசல்படியில் நின்றாள். எங்கே என்று கேட்கவில்லை.

"ஜாஸ்தி பேசாத" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அவன் சாப்டானான்னு மட்டும் கேளு."

ராமன் குள்ளமாக, வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டோடு இருந்தார். அக்னி லிங்கத்தில் ஆரம்பித்தார்கள். செருப்போடு சுற்றக்கூடாது என்று ராமனும் சக்கரவர்த்தியும் காரிலேயே செருப்பை விட்டார்கள். அவர்கள் வெறுங்காலோடு நடக்கத் தான் மட்டும் செருப்போடு வருவது சரியாக இருக்காது என்று மெஹ்ஜபீனும் விட்டாள். கார் முன்னால் போய் எங்கோ காத்திருக்கும்.

"இவங்க யாரு?" என்றார் ராமன்.

"வசன உதவி" என்றார் சக்கரவர்த்தி.

"நல்லது. இன்னா விஷயம்னா, நான் நடக்கற வரைக்கும் கேப்பேன். உக்காந்துட்டேன்னா கதை முடிஞ்சிட்டுதுன்னு அர்த்தம். மனசுல வச்சிக்கக் கூடாது. சொல்லுங்க."

சக்கரவர்த்தி ஆரம்பித்தார். சினிமாக்காரர்கள் கதையை வெறும் வாயால் சொல்ல மாட்டார்கள்; பின்னணி இசையோடு சொல்வார்கள். "டன்… டன்… டடடன். இருட்டு. மழை. ஹீரோவக் கட்டிப் போட்டிருக்காங்க. வில்லன் உள்ள வர்றான். கையில கத்தி. கத்தியில மழைத்தண்ணி சொட்டுது. ஹீரோ முகத்துக்கு நேரா குனியறான். குனிஞ்சு, மெதுவா கேக்கறான். என் கண்ணாடியப் பாத்தியா?"

ராமன் இரண்டடி நடந்துவிட்டு நின்றார். "இன்னாது?"

"அது… கேரக்டரைசேஷன் சார்."

"வில்லனுக்குப் பார்வை கம்மியா?"

"ஆமா சார். மனிதத்தன்மை."

"புதுசா இருக்குது. சொல்லுங்க."

எம லிங்கம் தாண்டினார்கள். போலீஸ் கமிஷனர் வந்தார். சைரனை சக்கரவர்த்தியே ஊதினார். பிரஸ் மீட்டில் கமிஷனர் மைக்கைப் பிடித்து, "இங்கதான் வச்சேன்" என்றார். மரத்தடியில் உட்கார்ந்திருந்த சாமியார் ஒருவர் தன் மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"கமிஷனருக்குமா?" என்றார் ராமன். அப்புறம் கதாநாயகி அருவிக் கரையில் அறிமுகமானாள். அவளும் கேட்டாள். "யோவ், படம் எடுக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரு கண்ணு கேம்ப் போட்டுடலாம்யா" என்றார் ராமன்.

சக்கரவர்த்தி சிரிக்க முயன்றார். முகத்தில் வேர்வை வழிந்தது. பையைத் தொட்டார். நெற்றியைத் தொட்டார். நடுரோட்டில் குனிந்து தரையைப் பார்த்தார். நிமிர்ந்தபோது வயிற்றை உள்ளிழுத்து நிற்கும் வழக்கமான நிலை போய், ஒரு தோள் இறங்கியிருந்தது. மூட்டை தூக்கிப் பழகிய தோள்.

"மெஹு, என் கண்ணாடியப் பாத்தியா? இங்கதான் வச்சேன்."

பஞ்சுத் தூசி படிந்த குரல். கம்மியாகாமல், முழுசாக. மெஹ்ஜபீன் நின்றாள். ஒரு வருஷமாக வெற்றிடம் விட்ட இடம் இது. பார்த்தேன் என்றால் பொய். நீங்க செத்துட்டீங்க, அதோடு அதுவும் போச்சு என்பது உண்மை. அதை எந்தப் பெண்டாட்டி வாயைத் திறந்து சொல்லுவாள்? சொன்னால் ஒரேயடியாகப் போய்விடுவான். சொல்லாவிட்டால் இந்த ஆளுக்குள்ளேயே கிடந்து தேடிக்கொண்டிருப்பான்.

"கடைசியா எப்ப போட்டிருந்தீங்க?" என்றாள்.

அவன் தேடுவதை நிறுத்தினான். அப்படிக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்காத மாதிரி. "காலைல. பஞ்சு எடுக்கப் போறப்ப."

"திரும்பி வர்றப்ப?"

"வர்றப்பவும்தான். மூட்ட ஆடிக்கிட்டே இருந்துச்சு. நீ அப்பவே சொன்ன, ரெண்டு நடையா எடுங்கன்னு."

"சொன்னேன்."

"நான் கேக்கல."

"என்னைக்குக் கேட்டீங்க?"

சக்கரவர்த்தியின் உதட்டில் மொஹ்சினின் சிரிப்பு வந்தது. ஒரு ஓரம் மட்டும் ஏறும் சிரிப்பு. "சரி, இப்ப கண்ணாடிக்கு வா."

"அதுக்குத்தான் வர்றேன். வழில எதுவரைக்கும் போட்டிருந்தீங்க?"

"போளூர் ரோடு. அந்த வளைவு. முன்னாடி போன லாரில 'ஒலி எழுப்பவும்'னு எழுதியிருந்துச்சு, படிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம்…" நீளமாக யோசித்தான். மேலே ஒரு காக்கை கத்திக்கொண்டு போயிற்று. "அப்புறம் எதையும் படிக்கல."

"அப்ப அங்கதான் விழுந்திருக்கும்."

அவன் அவளையே பார்த்தான். ராமன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"ஆமால்ல" என்றான் மொஹ்சின்.

"ம்."

"உடைஞ்சிருக்குமா?"

"உடைஞ்சிருக்கும்ங்க."

"சரி" என்றான். "அப்ப புதுசு வாங்க வேணாம்."

"வேணாம்."

இறங்கியிருந்த தோள் மெல்ல ஏறியது. வயிறு உள்ளே போயிற்று. சக்கரவர்த்தி பெரிதாக இருமினார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

ராமன் கண்ணைத் துடைத்தார். "யாருய்யா எழுதனது இத?"

பேய் பிடித்துத் தெளிந்த மனுஷனுக்கு ஒரு நிமிஷம் அவகாசம் வேண்டாமா? சக்கரவர்த்திக்கு வேண்டியிருக்கவில்லை. "நான்தான் சார். கண்ணு முழிச்சு, ரத்தம் சிந்தி எழுதினது. இங்கதான் சார் இன்டர்வெல்."

"அப்புறம்?"

வாய் அவருடையதாகிவிட்டது, தடையே இல்லை. "அங்க இருந்து கட் பண்றோம். டன் டன் டடடன். ஹீரோ சங்கிலிய அறுத்துக்கிட்டு எழுந்திரிக்கறான். எதிர்ல அம்பது பேரு. ஒரு பார்வை. 'டேய், நான் யாருன்னு…'"

ராமன் ரோட்டோர சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்காலையும் மாறி மாறிப் பிடித்துவிட்டுக்கொண்டார். சக்கரவர்த்தி இன்னும் கொஞ்ச நேரம் அம்பது பேரை அடித்துக்கொண்டிருந்தார், பிறகு நிறுத்தினார்.

"அம்மா, நீங்க சொல்லுங்க" என்றார் ராமன். "அப்புறம் இன்னா ஆச்சு அவங்களுக்கு?"

"தெரியலீங்க" என்றாள் மெஹ்ஜபீன். அவர்களை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள்.

கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் விட்டது அப்போதுதான் நினைவு வந்தது. சாப்பிட்டானா என்று நசீமா கேட்கச் சொன்னாள். இனி யாரிடம் கேட்பது? ஆட்டோக்காரர் ஒருவர் "வாங்கக்கா, தேரடிதானே" என்றார். தலையாட்டி மறுத்தாள். போய்விட்டான். தானே வழி காட்டி, வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. அந்த நினைப்போடு வெகுதூரம் நடந்தாள்.

"ஓரமா நட. பஸ் வருது."

இடப்பக்கம், தோளுக்குப் பக்கத்தில். யார் வாயும் நடுவில் இல்லை. இதுவரை அவன் கேட்காத, சொல்லாத ஒரு வார்த்தை. அவள் ஓரமாக நகர்ந்தாள். பஸ் போயிற்று.

"செருப்பு எங்க?"

வாய் தானாகத் திறந்தது. "அவங்க கார்லயே விட்டுட்டேன்."

"அறிவு. ரோடு சூடா இருக்குமே."

"இருக்குது. உங்களுக்கு?"

"எனக்குத் தெரியல."

"சாப்டீங்களா?"

"நீதான் சொல்லணும், என்ன சமைச்ச?"

சொன்னாள். ரசத்தில் உப்பு ஜாஸ்தியாக இருந்ததைச் சொன்னாள். அவன் சிரித்தான். அம்மியிடம் சொல்லாதே என்றான். ஆசிரமத்து மெத்தைகள் ஓரம் பிரிந்து வந்ததை, இலவம்பஞ்சுக்குப் பதில் எல்லோரும் ஃபோம் கேட்பதை, வகுப்பை, புகழேந்தியின் மேலதிகாரியைச் சொன்னாள். ஒரு வருஷத்துப் பேச்சு. அவன் குறுக்கே கேட்டுக்கொண்டே வந்தான்.

வேறு ஊராக இருந்தால், பர்தா போட்ட ஒரு பெண் வெறுங்காலோடு தனக்குத் தானே பேசி, சிரித்து, கை ஆட்டி நடப்பதை நாலு பேர் நின்று பார்த்திருப்பார்கள். இந்த ஊரில் தனியாகப் பேசிக்கொண்டு நடப்பவர்களுக்கு மரியாதை ஜாஸ்தி. காவித் துணிக்காரர் ஒருவர் வழிவிட்டார். வெள்ளை உடுத்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தி, கண்ணை மூடிக் கை குவித்தாள்.

ஈசான்ய லிங்கம் தாண்டி, ஊருக்குள் திரும்பும் இடம் வந்தது. அங்கே திரும்பினால் தேரடி, தேரடியிலிருந்து சந்து. நசீமா வாசலில் நின்றிருப்பாள். லுஹர் பாங்கு கேட்டது, அடங்கியது.

"அப்புறம் என்னாச்சு, சொல்லு" என்றான் அவன்.

பாதியில் நிற்கிற கதை. முடித்துவிட்டுத் திரும்பலாம். அவள் நேராக நடந்தாள். உச்சி வெயிலில் தார் இளகிக் கிடந்தது. எதிரே வெறுங்காலோடு வந்த குடும்பம் ஒன்று, அய்யோ அய்யோ என்று நிழலுக்கு நிழல் தாவி ஓடிக்கொண்டிருந்தது. நடுரோட்டில் பேசிக்கொண்டே போன மெஹ்ஜபீனுக்குச் சூடு தெரியவில்லை.